சூப்பில் ஒளிந்திருக்கும் சர்க்கரை!

டீயில் சர்க்கரை போடுவதில்லை. தீபாவளிக்கு வந்த லட்டைத் தொடுவதில்லை. இரவில் சோறும் கிடையாது. ஒரு கிண்ணம் தக்காளி சூப்போடு சரி. அப்படியும் ரத்தத்தில் சர்க்கரை இறங்க மறுக்கிறது. காரணம் என்ன?

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர் பலருடைய வீடுகளில் இன்று எழும் கேள்வி இது. விடை பல நேரங்களில் அந்த சூப்புக் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது.

டோம்பிவிலியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவின் கதையைக் கேளுங்கள். வயது 48. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சர்க்கரை வியாதி வந்து ஆறு வருடம் ஆகிறது.

அவருடைய தகப்பனாருக்கும் இதே வியாதி இருந்தது. காலில் வந்த புண் ஆறாமல், வலது கால் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாயிற்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்தவர் இவர். ஆகவே டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டார். இனிப்பை நிறுத்தினார். இரவுச் சோற்றை நிறுத்தினார். மாலையில் ஆபீஸ் விட்டதும், நம்மவர்கள் இன்னும் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் அருகே, ஒரு ஓட்டலில் தக்காளி சூப் மட்டும் குடித்துவிட்டு ரயில் ஏறுவார். வீட்டுக்குப் போனால் ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு.

இப்படி ஒரு வருடம் போயிற்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு முன்பு இருந்த இடத்திலேயே நின்றது. "இப்படியே போனால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர்.

வீட்டில் அதைவிடப் பெரிய பிரச்னை. "என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. வெளியில ஏதாவது இனிப்பு சாப்பிடறீங்களா?" என்று மனைவி கேட்டுவிட்டார். பூஜைக்கு வாங்கிய பேடாவை எண்ணி வைக்கும் அளவுக்குச் சந்தேகம் வளர்ந்தது. செய்யாத தப்புக்குக் கூண்டில் நின்றார் மனிதர்.

உதைத்த கணக்கு

அடுத்த முறை டாக்டர் ஒரு யோசனை சொன்னார். வாயில் போடுவது எதுவானாலும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தினமும் இரவு ஒன்பது மணிக்கு விரலில் குத்தி, குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பார்த்து, அதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

கணக்கு எழுதுவது அவருடைய தொழில் அல்லவா? பேரேடு போலக் கோடு போட்டு எழுதினார். மூன்று வாரம் ஆனதும் கணக்கு எங்கோ உதைப்பது தெரிந்தது.

ஆபீசில் நேரமாகி, சூப் குடிக்காமல் ஓடிப்போய் ரயிலைப் பிடித்த நாட்கள் சில. அந்த நாட்களில் இரவு ஒன்பது மணி அளவு குறைவாக இருந்தது. சூப் குடித்த நாட்களில் ஏறக்குறைய ஐம்பது புள்ளி கூடுதலாக இருந்தது. மற்றபடி இரண்டு வகை நாட்களிலும் சாப்பாடு ஒன்றேதான்.

"தக்காளியை வேகவைத்து வடிகட்டிய தண்ணீர், அது சர்க்கரையை ஏற்றுமா?" அவருக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் ஓட்டலுக்குப் போனவர், கல்லாவைத் தாண்டி அடுக்களை வாசலில் போய் நின்றார்.

மாஸ்டர் சொன்ன உண்மை

உள்ளே சூப் போடும் மாஸ்டர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஊர்ப் பேச்சு இருவரையும் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிட்டது.

"தம்பி, இந்த சூப்புல சர்க்கரை போடுவீங்களா?"

"போடாம எப்படி அண்ணாச்சி? இருபது கிண்ணத்துக்கு இருநூறு கிராம் போடுதோம். இந்த ஊர்த் தக்காளி புளிப்புல்லா? சர்க்கரை போடலைன்னா குடிக்கிறவன் முகத்தைச் சுளிப்பான். கிண்ணம் அப்படியே திரும்பி வரும். முதலாளி என்னையத்தான் கேப்பாரு."

"வேற என்ன போடுவீங்க?"

"கெட்டியா இருக்க கார்ன்பிளவர். நிறத்துக்குக் கொஞ்சம் கெச்சப். மேல வறுத்த ரொட்டித் துண்டு. சுகர் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனியா போட்டுத் தந்திருப்பேனே!"

குமாஸ்தா மனதிலேயே கணக்குப் போட்டார். இருபது கிண்ணத்துக்கு 200 கிராம் என்றால் ஒரு கிண்ணத்துக்கு 10 கிராம். அதாவது இரண்டு தேக்கரண்டி. மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், சூப்பில் மட்டும் கால் கிலோ சர்க்கரை வயிற்றுக்குள் போயிருக்கிறது. பகலில் நாலு முறை சர்க்கரை போடாத டீயை முகம் சுளித்துக் குடித்தவர், அதில் மிச்சம் பிடித்ததை மாலையில் ஒரே கிண்ணத்தில் தொலைத்திருக்கிறார்!

எல்லா ஓட்டலிலும் இதே அளவுதான் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் ஒரு சிட்டிகையோடு நிறுத்திவிடுவார்கள். சில இடங்களில் போடுவதே இல்லை. ஆனால் கேட்காமல் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

நாக்கு ஏன் ஏமாறுகிறது?

இரண்டு தேக்கரண்டி சர்க்கரை நாக்குக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். போகும்.

எலுமிச்சம்பழச் சர்பத்தை நினைத்துப் பாருங்கள். அதில் போடும் அளவு சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் திகட்டும். எலுமிச்சை சேர்ந்ததும் அதே தண்ணீர் அளவான இனிப்பாகத் தெரிகிறது. புளிப்பு இனிப்பை மறைக்கிறது. இனிப்பு புளிப்பை மறைக்கிறது. கூடவே உப்பும் மிளகும் சூடும் சேர்ந்துவிட்டால் நாக்கு "காரசாரமான சூப்" என்றுதான் தீர்ப்புச் சொல்லும்.

நாக்கை ஏமாற்றலாம். ரத்தத்தை ஏமாற்ற முடியாது. புளிப்போடு போனாலும் காரத்தோடு போனாலும் 10 கிராம் சர்க்கரை 10 கிராம் சர்க்கரைதான்.

கார்ன்பிளவர் இன்னும் தந்திரமானது. அது இனிக்கவே இனிக்காது. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த வெறும் மாவுச்சத்து அது. நூற்றுக்குச் சுமார் 88 பங்கு மாவுச்சத்து. நார் கிடையாது, புரதமும் இல்லை என்றே சொல்லலாம். வெந்த மாவு வயிற்றுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. சோற்றை விட்டவர்கள், சோற்றில் இருந்த அதே சத்தைக் கஞ்சியாகக் குடிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

தக்காளியில் இயற்கையாகவே இனிப்பு உண்டே என்பார் சிலர். உண்மைதான். ஆனால் 100 கிராம் தக்காளியில் இருப்பது சுமார் 3 கிராம் சர்க்கரைதான். அது தொந்தரவு செய்யாது. தொந்தரவு எல்லாம் வெளியிலிருந்து வந்து சேருகிற சரக்கினால்தான்.

கிண்ணத்துக்குக் கிண்ணம் வேறுபாடு

மும்பை ஓட்டல்களில் கிடைக்கும் சூப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தக்காளி சூப்: சர்க்கரை, கார்ன்பிளவர் இரண்டும் சேர வாய்ப்பு உண்டு. கெச்சப் ஊற்றினால் அதிலும் சர்க்கரை. கெச்சப்பில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரைதான். ஒரு மேஜைக்கரண்டி கெச்சப்பில் நாலு கிராம் போய்விடும்.

ஸ்வீட் கார்ன் சூப்: பெயரிலேயே இனிப்பு இருக்கிறது. மக்காச்சோளமே மாவுச்சத்து உள்ள தானியம். டப்பாவில் வரும் அரைத்த சோளத்தில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். கெட்டியாக்கக் கார்ன்பிளவரும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் விலகிப் போவது நல்லது.

ஹாட் அண்ட் சவர்: காரமும் புளிப்பும் என்று பெயர். வினிகரின் புளிப்பைச் சமன் செய்யச் சர்க்கரை போடுவது பலருடைய கைப்பழக்கம். பளபளவென்று கெட்டியாக இருப்பதற்குக் காரணம் கார்ன்பிளவர்.

மஞ்சோ சூப்: இதிலும் கெட்டிக்குக் கார்ன்பிளவர். மேலே தூவும் பொரித்த நூடுல்ஸ் மைதாவில் செய்தது.

கிளியர் சூப்: காய்கறியோ கோழியோ வெந்த தண்ணீர். மற்றவற்றோடு ஒப்பிட்டால் இதுதான் சாது. இருந்தாலும் "கார்ன்பிளவர் போடாமல்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பொட்டலத்தில் வரும் சூப் பவுடரைக் கலக்கிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அங்கே சர்க்கரையும் மாவும் பவுடரிலேயே வந்துவிடுகின்றன. சமையல்காரருக்கே அளவு தெரியாது.

சாம்பாரிலும் வெல்லம்

மதியச் சாப்பாட்டு மேஜையிலும் இதே கதைதான். உடுப்பி முறைச் சாம்பாரில் தேங்காயோடு வெல்லமும் சேரும். அதுதான் அந்தச் சாம்பாரின் குணம். குஜராத்தி தாலியில் வரும் பருப்பில் புளிப்புக்கு இணையாக வெல்லம் உண்டு. குஜராத்திக் கடியும் இனிப்புத்தான். மராட்டியர் வீட்டு ஆம்டியில் கோக்கம் புளிப்பும் வெல்லமும் சேர்ந்தே இருக்கும்.

இவை எதுவும் மோசடி அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த அந்தந்த ஊர்க் கைப்பக்குவம். புளியும் மிளகாயுமாகச் சாம்பார் சாப்பிட்டுப் பழகிய தமிழன் முதல் நாள் "இது என்ன, பாயசமா?" என்று கேட்கிறான். ஆறு மாதம் போனால் அதுவே பழகிவிடுகிறது. பழகிய நாக்குக்கு வெல்லம் தெரிவதில்லை. இட்லிக்கு மூன்று முறை சாம்பார் வாங்கி ஊற்றிக்கொள்கிறவர், மூன்று முறை வெல்லம் வாங்குகிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

"வெல்லம் உடம்புக்கு நல்லது, சர்க்கரைதான் கெடுதல்" என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் அதில் மிகப் பெரும் பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் அண்ணன் தம்பிகள்.

விரதக்காரர்கள் கவனத்துக்கு

சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

ஏகாதசியன்று தானியம் தொடாமல் விரதம் இருப்பவர்கள் பலர். "சாப்பாடுதானே கூடாது, சூப் குடிக்கலாம்" என்று ஓட்டலுக்குப் போகிறார்கள். கார்ன்பிளவர் மக்காச்சோளத்தில் செய்தது. மக்காச்சோளம் தானியம். மேலே மிதக்கும் ரொட்டித் துண்டு கோதுமை. தெரியாமலே விரதம் முறிந்துவிடுகிறது. பூண்டு, வெங்காயம் விலக்குகிறவர்களுக்கும் அதே சங்கடம். பெரும்பாலான சூப்புகளில் இரண்டும் உண்டு.

பதினாறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து எடையைக் குறைக்கிறேன் என்று கிளம்பியிருக்கும் இளைஞர்களும், பேலியோ என்று அரிசியை அடியோடு விட்டவர்களும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். இடையில் பசிக்கும்போது "சூப்தானே" என்று ஒரு கிண்ணம். சர்க்கரையும் மாவும் சேர்ந்த சூப் குடித்த நிமிடமே உண்ணாவிரதம் முடிந்தது. வயிறு பட்டினி கிடந்ததாக நினைத்துக்கொள்ளலாம். உடம்பு அப்படி நினைக்காது.

ரம்ஜான் நோன்பு திறக்கும் நேரத்திலும், தவக்காலத்தில் ஒரு வேளை உணவை விடுகிற கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சூப்புக்கு இடம் உண்டு. நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றில் முதலில் இறங்குவது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்களுக்கும் அவசியம்.

சேலத்துச் சரக்கு

விரத உணவு என்று ஓட்டலில் எழுதி வைத்திருந்தாலே சர்க்கரை ஏறாது என்று எண்ணுவதும் தவறு. ஆஷாட ஏகாதசியன்று மும்பை ஓட்டல்களில் சாபுதானா கிச்சடி மணக்கும். சாபுதானா என்பது வேறு ஒன்றும் அல்ல, நம் ஜவ்வரிசிதான். அதற்குப் பெயர் பெற்ற ஊர் நம்முடைய சேலம். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, மாவைப் படிய வைத்து, உருட்டி, வறுத்துக் காயவைத்துச் செய்கிறார்கள். இதற்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981ல் சேலத்தில் ஏற்பட்டது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மராட்டியரின் விரதத் தட்டில் தமிழ்நாட்டுச் சரக்கு இருப்பது பெருமைதான். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. கூடவே உருளைக்கிழங்கும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்ந்தால், ஒரு தட்டுக் கிச்சடி ஒரு தட்டுச் சோற்றுக்குச் சளைத்தது அல்ல. விரதத்துக்கு அது ஆகும். சர்க்கரை வியாதிக்கு ஆகாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

எவ்வளவு கூடும்?

உலக சுகாதார நிறுவனம் 2015ல் ஒரு வரம்பு சொன்னது. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்து வரும் சக்தி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். 25 கிராம் என்றால் ஐந்து தேக்கரண்டி. இது ஆரோக்கியமானவருக்குச் சொன்ன வரம்பு. சூப்பில் இரண்டு, சாம்பாரில் ஒன்று, கெச்சப்பில் ஒன்று என்று போனால், ஒரு துண்டு இனிப்பு சாப்பிடாமலே வரம்பை நெருங்கிவிடலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது மதிப்பிட்டது. வியாதியின் வாசலில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். ஆகவே இது யாரோ ஒரு குமாஸ்தாவின் கவலை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

கடையில் விற்கும் பொட்டலங்களுக்குச் சட்டம் உண்டு. உணவுப் பொருள் பொட்டலத்தில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்கின்றன 2020ம் ஆண்டு விதிகள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகம் உள்ள பொருள் முதலில் வரும். ஆகவே பட்டியலின் தொடக்கத்திலேயே சர்க்கரையோ கார்ன் ஸ்டார்ச்சோ இருந்தால் விஷயம் புரிந்துவிடும். டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பெயர் மாற்றி வந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் சரக்குத்தான்.

ஓட்டல்கள் விஷயம் வேறு. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வாயைத் திறந்து கேட்பது ஒன்றே வழி.

கேட்டால் கிடைக்கும்

கேட்டால் செய்து தருவார்களா என்ற சந்தேகம் வேண்டாம். மும்பை ஓட்டல்காரர்களுக்கு இது புதிது அல்ல. "ஜெயின்" என்று ஒரு சொல் சொன்னால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் தனியாகச் செய்து தரும் ஊர் இது. ஒரு சமூகத்தார் விடாமல் கேட்டதால் வந்த வழக்கம்தானே அது? சர்க்கரை வேண்டாம் என்று பத்துப் பேர் கேட்டால் அதுவும் வழக்கமாகிவிடும்.

ஹிந்தியில் "சீனி மத் டாலியே, கார்ன்பிளவர் மத் டாலியே" என்றால் போதும். மராட்டியில் "சாக்கர் நக்கோ, கூள் நக்கோ" என்றால் சர்க்கரையும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம் என்று அர்த்தம். "சர்க்கரை இருக்கிறதா?" என்று மட்டும் சர்வரிடம் கேட்டால் "இல்லை" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். அவர் சமையல் செய்பவர் அல்ல. "எனக்குச் சர்க்கரை வியாதி, உள்ளே கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொன்னால் உள்ளே போய்க் கேட்டு வருவார்.

சூப் முன்கூட்டியே பெரிய பாத்திரத்தில் தயாராகியிருந்தால் அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. அன்றைக்கு உப்பு மோர், வெல்லம் சேர்க்காத மிளகு ரசம், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் என்று வேறு ஏதாவது கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் செய்வதானால் அரை மணி நேர வேலை. நன்றாகப் பழுத்த தக்காளி அரைக் கிலோ, சின்ன கேரட் ஒன்று, ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு. குக்கரில் வேகவைத்து அரைத்து வடிகட்டினால் நாலு கிண்ணம் வரும். கேரட்டும் வெங்காயமும் புளிப்பைத் தணித்துவிடும். கெட்டியாக வேண்டுமானால் வெந்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி சேர்த்து அரைக்கலாம். உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய். சர்க்கரைக்கு வேலையே இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் தாங்களாகவே பட்டினி கிடப்பது ஆபத்து. சில மருந்துகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை அதற்கு அடையாளம். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூட்டம் நெரியும் லோக்கல் ரயிலில் இது வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். விரதம் தொடங்கும் முன்பும், சோற்றை நிறுத்தும் முன்பும், சூப்பை மாற்றும் முன்பும்கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே போகும் சர்க்கரை குறைந்தால் மருந்தின் அளவையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

முடிந்த வழக்கு

டோம்பிவிலி குமாஸ்தா அன்று இரவு நோட்டை மனைவியின் முன்னால் விரித்து வைத்தார். சூப் குடித்த நாள், குடிக்காத நாள், பக்கத்தில் எண்கள். மாஸ்டர் சொன்ன இருநூறு கிராமையும் சொன்னார்.

மனைவி வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பேடாவை எண்ணிக்கிட்டு இருந்தேனே" என்றார். அவ்வளவுதான். வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சராசரி இறங்கியிருந்தது. சூப் ஒன்றினால் மட்டும் இறங்கியது என்று டாக்டர் சொல்லவில்லை. மதியச் சாம்பாரையும் அவர் குறைத்திருந்தார். ரொட்டித் துண்டுகளை விட்டிருந்தார். வீட்டிலிருந்து சுண்டல் எடுத்துப் போனார். மாத்திரையைக் கூட்ட வேண்டாம், இப்போதைக்கு ஊசியும் வேண்டாம் என்றார் டாக்டர். குமாஸ்தா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தம் வலது காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டார். தகப்பனார் பார்த்துக்கொள்ளத் தவறியது அது.

வி.டி. பக்கத்து ஓட்டலில் இப்போது மாலை வேளையில் இரண்டு பாத்திரம் கொதிக்கிறது. ஒன்று பெரியது. மற்றொன்று சின்னது, அதில் சர்க்கரையும் கிடையாது, கார்ன்பிளவரும் கிடையாது. முதலில் ஒருவருக்காக வைத்த பாத்திரம் அது. இப்போது தினமும் ஆறேழு பேர் கேட்கிறார்கள் என்கிறார் மாஸ்டர்.

"கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் கிண்ணத்தை நீட்டுகிறார். குமாஸ்தா முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு 6.50 ரயிலுக்கு நடக்கிறார்.